பாக்கெட் உணவில் சர்க்கரையைக் குறைப்பது: பானத்தில் முடிந்தது பிஸ்கட்டில் ஏன் முடியவில்லை?

கேள்வி இது: இங்கிலாந்தில் மருத்துவர்கள் ஒன்றுகூடி, பாக்கெட் உணவுகளில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார்களே, அது பலித்ததா? ருசி கெடாமல் குறைக்க முடியுமா? குளிர்பானத்தில் பாதியாகக் குறைந்த சர்க்கரை பிஸ்கட்டிலும் சாக்லேட்டிலும் ஏன் அப்படியே இருக்கிறது?

முடியும், ஆனால் எல்லாப் பண்டத்திலும் ஒரே மாதிரி முடியாது. காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மீதி எல்லாம் அதன் விளக்கம்தான். 100 மில்லி பானத்திலிருந்து 5 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு அதே இனிப்பைச் சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பூட்டி கொண்டு ஈடுகட்ட வேண்டும் என்றால் 8 மில்லிகிராம் போதும், ஏனென்றால் அது சர்க்கரையைவிட ஏறத்தாழ 600 மடங்கு இனிப்பு. காலியான 5 கிராம் இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும். பிஸ்கட்டில் 5 கிராம் சர்க்கரையை எடுத்தால் அந்த இடத்தில் எதைப் போடுவது? தண்ணீரை ஊற்றினால் அது பிஸ்கட்டாக இருக்காது. மாவு போட்டால் கெட்டியாகும். வெண்ணெய் போட்டால் கலோரி கூடும். இந்த இயக்கத்தின் வெற்றி, தோல்வி இரண்டுமே இந்தக் கணக்குக்குள் அடங்கியிருக்கின்றன.

2014 ஜனவரியில் லண்டனில் 'ஆக்‌ஷன் ஆன் சுகர்' என்ற குழு தொடங்கப்பட்டது. தலைவர் கிரஹாம் மெக்ரெகர், குயின் மேரி பல்கலைக்கழகத்தில் இதய, ரத்தநாள மருத்துவப் பேராசிரியர். இவரும் இவருடைய கூட்டாளிகளும் 1996இலேயே உப்பைக் குறைக்க ஒரு குழு அமைத்து வேலை செய்தவர்கள். பிரிட்டனில் ஒருவர் ஒரு நாளைக்கு உண்ணும் உப்பு 2001 வாக்கில் சராசரியாக 9.5 கிராம், 2011இல் 8.1 கிராம். யாரையும் பத்தியம் இருக்கச் சொல்லி இது நடக்கவில்லை. ரொட்டி, சூப், சாஸ், வாட்டிய இறைச்சி என்று எண்பதுக்கும் மேற்பட்ட உணவு வகைகளுக்குத் தனித்தனியாக அளவு வகுத்து, சில ஆண்டுக்கு ஒருமுறை அந்த அளவை இறக்கிக்கொண்டே வந்தார்கள். வாங்குபவர் அதே ரொட்டியை வாங்கினார், அதே கடையில் வாங்கினார். உள்ளே இருந்த உப்புதான் குறைந்தது. அதே வழியைச் சர்க்கரைக்கும் கேட்டார்கள்: மூன்று முதல் ஐந்து ஆண்டுக்குள் 20 முதல் 30 சதவீதம் குறைப்பு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 100 கலோரி அளவு குறையும் என்பது அவர்கள் கணக்கு. சர்க்கரையாகப் பார்த்தால் 25 கிராம், ஆறு தேக்கரண்டிக்குச் சற்று மேல்.

தொடக்க நாளிலேயே அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். இனிப்பு என்றே யாரும் நினைக்காத பண்டங்களின் பெயரைச் சொல்லிக் காட்டினார்கள். கொழுப்பே இல்லாத வெனிலா யோகர்ட்டில் ஐந்து தேக்கரண்டி, டப்பாவில் அடைத்த தக்காளி சூப்பில் நான்கு தேக்கரண்டி. குளிர்பானத்தில் சர்க்கரை இருப்பது எல்லாருக்கும் தெரியும். சூப்பில் இருப்பது தெரியாது. தெரிந்து உண்ணும் சர்க்கரையை மனிதர் தாமே குறைத்துக்கொள்ளலாம். தெரியாமல் உண்பதைத் தயாரிப்பவர்தான் குறைக்க வேண்டும். குறைப்பை ஆலையில் தொடங்க வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

அளவு பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2015 மார்ச்சில் சொன்னது: மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 5 சதவீதத்துக்குக் கீழே. அதே ஆண்டு ஜூலையில் பிரிட்டனின் ஊட்டச்சத்து அறிவியல் ஆலோசனைக் குழு 5 சதவீதத்தையே வரம்பாக வைத்தது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 30 கிராம், 7 முதல் 10 வயதுக் குழந்தைக்கு 24, 4 முதல் 6 வயதுக்கு 19. ஒரு 330 மில்லி கோலா கேனில் 35 கிராம் இருக்கிறது. பெரியவருக்கே ஒரு கேனில் அன்றைய கணக்கு முடிந்து மேலேயும் போய்விடுகிறது.

இந்த வரம்பு எல்லாச் சர்க்கரைக்கும் இல்லை. முழுப் பழத்தில் இருப்பதும் பாலில் இயற்கையாக இருக்கும் லாக்டோஸும் இதில் சேராது. நாம் கலக்கும் சர்க்கரை, வெல்லம், தேன், பாகு, பழச்சாறு, சாற்றுச் செறிவு எல்லாம் சேரும். தேன் நல்லது, பேரீச்சம் பாகு நல்லது, வெள்ளைச் சர்க்கரைதான் கெட்டது என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பற்களுக்கும் கல்லீரலுக்கும் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது.

இனி ருசி. கம்பெனிகள் முதலில் சொல்லும் மறுப்பு, "குறைத்தால் வாடிக்கையாளர் கண்டுபிடித்துவிடுவார், பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவார்" என்பது. அது பொய்யில்லை; எவ்வளவு குறைக்கிறோம், எவ்வளவு வேகமாகக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ருசிப்புச் சோதனையில் மூன்று கோப்பை வைப்பார்கள்: இரண்டில் ஒரே பண்டம், ஒன்றில் மாற்றிய பண்டம். எது வேறு என்று சொல்ல வேண்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலே மூன்றில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார்; அதற்கு மேல் கணிசமான பேர் கண்டுபிடித்தால்தான் வேறுபாடு தெரிகிறது என்று பொருள். 5 சதவீதக் குறைப்பைப் பெரும்பாலான பண்டங்களில் பெரும்பாலானவர்கள் கண்டுபிடிப்பதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் இறக்கினால் 10 கிராம் என்பது 9.5, 9.0, 8.6, 8.1, 7.7 என்று வந்து ஆறாவது படியில் 7.35 ஆகிறது. மூன்று ஆண்டில் கால் பங்குக்கும் மேல் போய்விட்டது. ஒரே இரவில் கால் பங்கைக் குறைத்தால் மறுநாளே கடைக்காரரிடம் புகார் வரும்.

ஒரு விஷயத்தை இங்கே மறைக்கக் கூடாது. உப்பில் குறைந்த அளவுக்கு நாக்கு பழகி, பழைய அளவு கரிக்கத் தொடங்கிவிடும்; விருப்பமே மாறிவிடுகிறது. சர்க்கரையில் அவ்வளவு உறுதியான சான்று இல்லை. அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட சோதனையில், மூன்று மாதம் சர்க்கரையைப் பெரிதும் குறைத்து உண்டவர்களுக்கு அதே புட்டிங் முன்னைவிட அதிக இனிப்பாகத் தெரிந்தது. ஆனால் எவ்வளவு இனிப்பு தமக்குப் பிடிக்கும் என்பதில் மாற்றம் இல்லை. அதனால்தான் சந்தையில் உள்ள எல்லாரும் ஒரே சமயத்தில் இறக்க வேண்டும் என்று மெக்ரெகர் குழு விடாமல் சொல்கிறது. ஒரு கம்பெனி மட்டும் நேர்மையாகக் குறைத்துவிட்டு நிற்க, போட்டியாளர் பழைய இனிப்பிலேயே விற்றால், நேர்மையானவருக்கே நட்டம்.

சரி, பண்டம் பண்டமாகப் பார்ப்போம்.

பானத்தில் சர்க்கரை தருவது இனிப்பும் வாயில் கொஞ்சம் கனமும். குறைத்தால் புளிப்பு முன்னால் வந்து நிற்கும், பானம் 'தண்ணியாக' இருக்கும். எனவே சிட்ரிக் அமிலத்தையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்; இதைச் செய்யாமல் சர்க்கரையில் மட்டும் கை வைத்தவர்களின் முதல் தயாரிப்புகள் நாக்கைக் கூசச் செய்தன. இனிப்பூட்டிகளில் ஒன்றை மட்டும் போட்டால் அதன் குறை தெரிந்துவிடும்: அசெசல்பேம் சட்டென்று இனித்து முடிவில் கசக்கும், சுக்ரலோஸ் தாமதமாக வந்து நெடுநேரம் நிற்கும், ஸ்டீவியாவில் அதிமதுரச் சாயல் வரும். இரண்டு, மூன்றைக் கலந்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றொன்று நிரப்பும். அஸ்பார்டேம் வெப்பத்திலும் நீண்ட சேமிப்பிலும் சிதைந்து இனிப்பு குறையும். வெயில் நாட்டில் கிடங்கில் கிடக்கும் பாட்டிலுக்கு அது நல்ல தேர்வில்லை. எப்படியானாலும் பானம்தான் எளிது.

பிஸ்கட்டுக்கு வருவோம். மாவு 100 பங்கு என்றால் சர்க்கரை 30, 35 பங்கு இருக்கும். பிசையும்போது சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. கோதுமையின் பசைப் புரதம் முழுவதும் ஊற விடுவதில்லை. அதனால்தான் பிஸ்கட் மாவு சப்பாத்தி மாவு போல இழுபடாமல் உதிராக இருக்கிறது. அடுப்பில் சர்க்கரை உருகி மாவைப் பரவ விடுகிறது. ஆறியதும் அதுவே கெட்டித்து 'முறுக்'கென்று உடையும் தன்மை தருகிறது. கடலை மிட்டாய்க்குப் பாகு வைத்தவர்களுக்கு இது புதிதில்லை: கெட்டிப் பதத்தில் இறக்கிய பாகு உடைகிறது, இளம்பதத்தில் இறக்கியது இழுக்கிறது. பிஸ்கட்டில் சர்க்கரையை ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் மாவு இழுபட்டு வில்லை சுருங்கும், தடிக்கும், வெளிறும், கடித்தால் உடையாமல் கடினமாக நிற்கும். தடித்துப் போன பிஸ்கட் பாக்கெட் எந்திரத்தின் அளவுக்குள் அடங்காது என்பது ஆலையில் எழும் தனிப் பிரச்சினை.

மாற்று என்ன? தண்ணீரைக் குறைப்பது, பசைப் புரதம் குறைந்த மாவை எடுப்பது, இனுலின் அல்லது பாலிடெக்ஸ்ட்ரோஸ் போன்ற கரையும் நார்ப்பொருளால் இடத்தை நிரப்புவது. பாலிடெக்ஸ்ட்ரோஸ் கிராமுக்கு 1 கலோரிதான், சர்க்கரை 4. ஆனால் விலை கூடும், அளவு மிஞ்சினால் வயிறு உப்பும். கொழுப்பைக் கூட்டிச் சமாளிப்பவர்களும் உண்டு. அதன் கணக்கைப் பாருங்கள்: 10 கிராம் சர்க்கரையை எடுத்தால் 40 கலோரி குறையும். அதற்கு ஈடாக 5 கிராம் கொழுப்பும் 5 கிராம் மாவும் போட்டால் 60 கலோரிக்கு மேல் ஏறும். பாக்கெட் மேல் 'சர்க்கரை குறைவு' என்று அச்சடிக்கலாம். உண்பவர் உடலுக்கு என்ன கிடைத்தது?

கேக்கில் வேறு சிக்கல். சர்க்கரை இருக்கும்போது மாவுச்சத்து வெந்து இறுகும் வெப்பநிலை உயர்கிறது. அதற்குள் காற்றுக் குமிழ்கள் விரிய நேரம் கிடைக்கிறது. குறைத்தால் கேக் முன்கூட்டியே இறுகி, உயரம் குன்றி, உள்ளே சுரங்கம் போல ஓட்டைகள் விழும். ஈரத்தைப் பிடித்து வைப்பதும் சர்க்கரைதான். குறைத்தால் இரண்டே நாளில் வறண்டுவிடும்.

ஊறுகாய்க்கு உப்பு எப்படியோ ஜாமுக்குச் சர்க்கரை அப்படி. கரைந்த பொருள் 60 சதவீதம் இருந்தால்தான் பூஞ்சைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. பிரிட்டனில் அந்த 60 இருந்தால்தான் பொதுவாக 'ஜாம்' என்றே பெயர் வைக்க முடியும். வழக்கமான பெக்டின் (ஜாமை உறைய வைக்கும் பழ நார்ப்பொருள்) உறைவதற்கும் ஏறக்குறைய அந்த அடர்த்தியும் புளிப்பும் தேவை. குறைந்த சர்க்கரை ஜாம் செய்ய வேறு வகைப் பெக்டினும் கால்சியமும் வேண்டும், திறந்த பிறகு குளிர்ப்பெட்டியில்தான் வைக்க வேண்டும். ஐஸ்கிரீமில் சர்க்கரை உறைநிலையை இறக்குகிறது. குறைத்தால் கரண்டி இறங்காத பாறையாகிவிடும், பனித் துகள் நாக்கில் நெருடும்.

சாக்லேட்டுதான் எல்லாவற்றிலும் கடினம். 100 கிராம் பால் சாக்லேட்டில், பாலின் லாக்டோஸையும் சேர்த்துச் சர்க்கரை ஏறத்தாழ 55 கிராம், கொழுப்பு 30, மொத்தக் கலோரி 535 அளவில். 10 கிராம் சர்க்கரையை எடுத்துவிட்டு வேறெதுவும் சேர்க்காமல் மறுபடி 100 கிராமாக எடை போட்டால், கொழுப்பு 33 ஆகிறது, கலோரி 550 ஆகிறது. குறைத்ததால் கூடிவிட்டது! நெஸ்லே 2018இல் நுண்துளைகள் கொண்ட சர்க்கரைத் துகளைப் பயன்படுத்தி 30 சதவீதம் குறைந்த வெள்ளைச் சாக்லேட்டை பிரிட்டனில் இறக்கியது. துளையுள்ள துகள் நாக்கில் விரைவாகக் கரைவதால் குறைந்த சர்க்கரையே அதிக இனிப்பாகத் தெரியும் என்பது அதன் நுட்பம். நல்ல அறிவியல். வாங்குவோர் போதவில்லை, 2020இல் நிறுத்திவிட்டார்கள். சாக்லேட்டில் உண்மையில் பலன் தருவது அளவைக் குறைப்பதுதான். ஒரு கட்டி 250 கலோரிக்கு மேல் போகக் கூடாது என்ற வரம்பு அப்படி வந்தது.

யோகர்ட்டும் காலை உணவுத் தானியமும் நடுவில் நிற்பவை. யோகர்ட்டின் சர்க்கரையைக் கணக்கிடும்போது 100 கிராமுக்கு 3.8 கிராமை லாக்டோஸ் என்று கழித்துவிடுவார்கள், மீதிதான் சேர்த்தது. புளிப்பு குறைவாகத் தரும் கிருமியில் உறையூற்றினால் அதை மறைக்கச் சர்க்கரை குறைவாகப் போதும். லாக்டேஸ் நொதியைச் சேர்த்தால் லாக்டோஸ் குளுக்கோஸாகவும் காலக்டோஸாகவும் உடைந்து, ஒன்றும் சேர்க்காமலே இனிப்பு கூடும். வெனிலா மணம் இருந்தால் நாக்கு இனிப்பைக் கூட்டிக் காண்கிறது. தானியத்தில் உள்ளே கலக்கும் சர்க்கரையைக் குறைத்து மேற்பூச்சில் மட்டும் வைத்தால் நாக்கில் முதலில் படுவது அதுதான். ஆனால் பூச்சு மெலிந்தால் பாலில் போட்டவுடன் நமுத்துவிடும், அந்த வரம்பைத் தாண்ட முடியாது.

இப்போது விளைவு. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, கேக், பிஸ்கட், சாக்லேட், தானியம், யோகர்ட் முதலியவற்றில் 2020க்குள் 20 சதவீதம் குறைக்க வேண்டும், முதல் ஆண்டில் 5 சதவீதம் என்று இலக்கு வைத்தது. கட்டாயம் இல்லை, அபராதம் இல்லை. 2015 முதல் 2020 வரை கடைகளில் விற்ற பண்டங்களில் நடந்த குறைப்பு 3.5 சதவீதம். தானியத்தில் ஏறத்தாழ 15, யோகர்ட்டில் 13.5. சாக்லேட் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றது. அதே ஐந்தாண்டில் வரிக்கு உட்பட்ட குளிர்பானங்களில் சராசரிச் சர்க்கரை 46 சதவீதம் குறைந்தது.

இந்த இடைவெளிக்கு மேலே சொன்ன வேதியியல் பாதிக் காரணம். தானியமும் யோகர்ட்டும் கட்டாயமின்றியே இறங்கியதும், சாக்லேட் இறங்காததும் அதைக் காட்டுகின்றன. மீதிப் பாதி, குளிர்பானங்களுக்கு மட்டும் போட்ட சர்க்கரை வரியை வகுத்த விதம். 2016 மார்ச்சில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்தார். அமலுக்கு வந்தது 2018 ஏப்ரல் 6. நடுவில் இரண்டு ஆண்டு, கம்பெனிகள் கலவையை மாற்றிக்கொள்ளக் கொடுத்த அவகாசம். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 2018இல் தொடங்கியபோது 5 முதல் 8 வரை லிட்டருக்கு 18 பென்ஸ். 8ம் அதற்கு மேலும் 24 பென்ஸ். வாங்குபவர் விலையை ஏற்றி அவரைத் தண்டிப்பதைவிட, தயாரிப்பவரை 5க்குக் கீழே தள்ளுவதே இதன் நோக்கம். அமலாகும் முன்பே பாதிக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்கள் குறைத்துவிட்டார்கள். முதலில் ஆண்டுக்கு 52 கோடி பவுண்டு வரும் என்று போட்ட கணக்கு பாதியளவுக்கு இறங்கியது. கருவூலத்துக்கு வராத அந்தப் பணம்தான் வரி வேலை செய்ததற்குச் சான்று.

ஸ்காட்லாந்தின் ஐர்ன்-ப்ரூ குளிர்பானம் 100 மில்லிக்கு 10.3 கிராமிலிருந்து 4.7க்கு இறங்கியது, பழைய ருசியை விட மனமில்லாதவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். கோக் தன் மூலக் கலவையை மாற்றாமல் வரியைக் கட்டியது. பெப்சி 2023இல் 4.55க்கு வந்தது.

உடல்நலத்தில் ஏதாவது தெரிந்ததா? கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டதன்படி, 10, 11 வயதுச் சிறுமிகளிடம் உடல் பருமன் எதிர்பார்த்ததைவிட 8 சதவீதம் குறைவு. அதே வயதுச் சிறுவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பல் பிடுங்க மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட குழந்தைகள் 12 சதவீதம் குறைவு. பிரிட்டனிலேயே வேறொரு பெரிய சான்று தற்செயலாகக் கிடைத்தது. போர்க்காலச் சர்க்கரைப் பங்கீடு 1953 செப்டம்பரில் முடிந்தது. கருவிலும் முதல் இரண்டு ஆண்டிலும் பங்கீட்டுக் காலத்தில் இருந்தவர்களுக்கு, பிறகு பிறந்தவர்களைவிடப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் ஏறத்தாழ 35 சதவீதமும் உயர் ரத்த அழுத்த அபாயம் 20 சதவீதமும் குறைவு என்று 2024இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தை உணவில்தான் முதலில் கை வைக்க வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

சர்க்கரைக்குப் பதில் இனிப்பூட்டி போடலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது. மெக்ரெகர் குழு முதலில் கேட்டது சர்க்கரையை இன்னொன்றால் மாற்றுவதை இல்லை. ஒட்டுமொத்த இனிப்பையே மெல்ல இறக்குவதை. வரி வந்தபோது கம்பெனிகள் விரைவில் 5க்குக் கீழே வர வேண்டியிருந்ததால் இனிப்பூட்டியைச் சேர்த்தார்கள். நாக்கு பழைய இனிப்பிலேயே நிற்கிறது. உடல் எடையைக் கட்டுப்படுத்த இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொன்னது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த வழிகாட்டல் பொருந்தாது. அஸ்பார்டேம் பற்றிய அச்சத்துக்கு ஒரு அளவு: உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரை என்ற வரம்பு அதே ஆண்டு மறு ஆய்வுக்குப் பிறகும் மாறவில்லை. பெரியவருக்கு அந்த வரம்பு எட்டாத தூரம். பெரியவர் குடிக்கும் சர்க்கரைப் பானத்தைவிட இனிப்பூட்டிப் பானம் மேல், அதைவிடத் தண்ணீர் மேல். சிறு குழந்தைக்கு இரண்டுமே வேண்டாம்.

கலவை மாற்றத்தில் ஒரு ஆபத்தும் வந்தது, இதைப் பலர் பேசுவதில்லை. முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கு ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கும்போது 15 கிராம் கார்போஹைட்ரேட் உடனே உள்ளே போக வேண்டும். பிரிட்டனில் பலர் அதற்கு லூக்கோசேட் என்ற குளுக்கோஸ் பானத்தின் பாட்டிலைக் கையில் வைத்திருப்பார்கள். 2017 ஏப்ரலில் அதன் கார்போஹைட்ரேட் 100 மில்லிக்கு 17 கிராமிலிருந்து 8.9க்கு இறங்கியது. முன்பு 100 மில்லிக்கும் குறைவாகக் குடித்தால் போதும். இப்போது 170 மில்லி வேண்டும். பழைய, புதிய பாட்டில்கள் கொஞ்ச காலம் ஒரே அலமாரியில் இருந்தன. எந்த நாட்டில் கலவையை மாற்றினாலும் நீரிழிவு மருத்துவர்களுக்கும் பள்ளிகளுக்கும் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இப்படிப்பட்ட அவசரத்துக்குக் கலவை மாறாத குளுக்கோஸ் மாத்திரையே நல்லது.

பாக்கெட்டைக் கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது? பிரிட்டன் லேபிளில் 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 22.5 கிராமுக்கு மேல் இருந்தால் சிவப்பு, 5ம் அதற்குக் கீழும் பச்சை, பானத்தில் அந்த எல்லைகள் 100 மில்லிக்கு 11.25, 2.5. இது மொத்தச் சர்க்கரை என்பதால் வெறும் உலர் திராட்சைக்கும் சிவப்பு விழும். 'சர்க்கரை சேர்க்கவில்லை' என்று எழுதியிருந்தால் பொருள் பட்டியலில் பழச்சாற்றுச் செறிவு, பழக்கூழ் இருக்கிறதா என்று பாருங்கள். மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அது சர்க்கரைக் கணக்கில் வராது, ஆனால் குடலில் விரைவாகக் குளுக்கோஸாகும். பொருள்கள் எடை வரிசையில்தான் அச்சாகும். சர்க்கரை, குளுக்கோஸ் பாகு, தேன் என்று மூன்றாகப் பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். மூன்றையும் மனதில் கூட்டிப் பாருங்கள்.

இலங்கை இந்த விஷயத்தில் இந்தியாவுக்கு முந்திக்கொண்டது. 2016 ஆகஸ்டிலிருந்து பானங்களில் நிறக் குறி: 100 மில்லிக்கு 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2க்குக் கீழ் பச்சை, நடுவில் இருப்பது மஞ்சள். அடுத்த ஆண்டு நவம்பரில் கிராமுக்கு இத்தனை சதம் என்று வரியும் வந்தது. இந்தியாவில் கரியமிலப் பானங்களுக்கு ஜிஎஸ்டி தொடங்கிய 2017 முதலே 28ம் கூடுதல் தீர்வை 12ம் சேர்ந்து 40 சதவீதம். 2025 செப்டம்பரில் தீர்வையை எடுத்துவிட்டு நேராக 40 ஆக்கினார்கள். ஆனால் சர்க்கரை 11 கிராம் இருந்தாலும் சைபர் இருந்தாலும் அதே 40. குறைத்தவருக்கு எந்த ஆதாயமும் இல்லை. அதே வரியை மூன்று படியாகப் பிரித்தாலே பிரிட்டனில் நடந்தது இங்கும் தொடங்கும்.

பிரிட்டனில் அடுத்த படி தொடங்கிவிட்டது. 5 கிராம் வரம்புக்கு ஒட்டினாற்போலக் கீழே பானங்கள் வந்து கூடி நிற்பதைப் பார்த்து, 2028 ஜனவரி முதல் வரம்பை 4.5 ஆக்கப்போவதாக 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. இதுவரை விலக்குப் பெற்றிருந்த பாட்டில் மில்க்‌ஷேக்குகளும் உள்ளே வருகின்றன, லாக்டோஸைக் கழித்துக்கொண்டு. 4.55லும் 4.7லும் வந்து நின்ற கலவைகள் மறுபடி ஆய்வுக்கூடத்துக்குப் போக வேண்டும். இம்முறை இறக்க வேண்டியது அரைக் கிராமுக்கும் குறைவு, அதை நாக்கு கண்டுபிடிக்காமலே செய்துவிடலாம்.